கம்பியோரத்து இடம்

அன்புள்ள லொரெய்ன்,

உன் அப்பா எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடமாகியும் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உன்னைவிட எட்டு வயதே மூத்தவள் என்ன எழுதுவது என்ற கூச்சம்தான். நாங்கள் இருவரும் சுகம். பெர்த் வெயில் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும். இரவு டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வெறும் தேநீரோடு படுத்துவிடாதே.

இந்த வருடம் ரக்பி கோப்பையை ஒரு பிஸ்கட் கம்பெனி நடத்தியது. ஒரு ஆட்டம் தோற்றாலே வெளியே என்பதால் நம் ஆட்கள் முதல் சுற்றோடு சரி என்றுதான் ஊரே நினைத்தது. ஆனால் பதினொன்றுக்கு எட்டு என்று ஜெயித்தார்கள். வாசலில் ஆளுக்கொரு பாக்கெட் இஞ்சி பிஸ்கட் கொடுத்தார்கள். அதைத் தின்றதால்தான் ஜெயித்தோம் என்று அப்பா முடிவுகட்டி, சுரங்க வேலைக்கும் அதையே வாங்கி எடுத்துப்போனார். பல் ஒன்று உடைந்தும் விடவில்லை. அடுத்த சுற்றையும் தாண்டி, காலிறுதி நம் மைதானத்தில், பெரிய நகரத்து அணியோடு.

மைதானப் படிக்கட்டில் கம்பியை ஒட்டி, அப்பாவுக்கு வலப்புறம் உன் அம்மா நின்ற இடம் உனக்குத் தெரியும். அவர் தவறிப்போய் ஆறு வருடமாகியும், எவ்வளவு கூட்டமானாலும் நம் ஊர்க்காரர்கள் அங்கே ஓர் ஆள் அகலம் விட்டுத்தான் நிற்கிறார்கள். நானும் ஒரு படி பின்னால்தான் நிற்பேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். அன்று பச்சைத் தொப்பி போட்ட வெளியூர்த் தடியர் ஒருவர் அதில் நுழையப் பார்த்தார். பக்கத்து வீட்டு எட்னா, "யோவ், அது ஆள் இருக்கிற இடம்யா" என்று கத்தினாள். "ஆளையே காணோமே, கண்ணாடி போட்டுத்தான் பாக்கணுமோ?" என்றார் அவர். நம்மவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அப்பா திரும்பவே இல்லை. கம்பியைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. எட்னா என் முதுகில் கைவைத்து, "அடியே படிச்சவளே, இன்னும் என்னடி யோசனை? போய் நில்லு, இல்லன்னா எண்பது நிமிஷமும் இவன் தொப்பியத்தான் பாக்கணும்" என்று ஒரு தள்ளு தள்ளினாள். நின்றேன். கம்பி அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கடைசி நிமிடத்தில் நம் கீத் பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்ப, அந்த ஒரு புள்ளியில் பத்துக்கு ஒன்பது என்று ஜெயித்தோம். அப்பா என் கையை நசுக்கிவிட்டார். தொப்பிக்காரர் தன் பிஸ்கட் பாக்கெட்டை அவரிடம் நீட்டி, "நீங்களே தின்னுங்க, எங்களுக்கு இனி தொண்டையில இறங்காது" என்றார். அரையிறுதியில் வெளியூர் போய் இருபத்துநாலுக்கு ஐந்து என்று உதை வாங்கினோம். அப்படியும் பஸ்ஸில் வழிநெடுகப் பாட்டு. மறுநாளே அப்பா பிஸ்கட்டை விட்டுவிட்டார். மீதியில் நாலு பாக்கெட் உனக்கு அனுப்புகிறேன்.

எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடட்டும், நல்ல மனிதர்கள் சூழ நிறைவாக இரு. பன்னிரண்டாம் தேதி அப்பாவின் பிறந்தநாள், மறந்துவிடாதே.

எட்டாம் தேதி மறுபடி நம் மைதானத்தில் ஒரு சாதாரண ஆட்டம். அன்று நெருக்கும் கூட்டம் இருக்காது, என்னைத் தள்ளிவிடவும் ஆள் தேவைப்படாது. அப்பாவிடம் இதை நான் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும். நான் கம்பியோரத்திலேயே நிற்கட்டுமா, பின்படிக்கே போய்விடட்டுமா? எதுவானாலும் மனம் கோணமாட்டேன். ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
ஆட்ரி