நகலெடு, நகர்த்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோடு போட்ட தாள்தான், எழுத்துகள்தான் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன, 'ழ' ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி விழுகிறது, 'ண'வுக்கு எத்தனை சுழி என்று நடுவில் பேனாவை நிறுத்தி யோசிக்கிறேன். மன்னித்து மெதுவாகப் படி. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்தேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை எங்களுக்குக் குறை இல்லை. உன் அம்மாவின் கழுத்துப் புண் நன்றாக ஆறிவிட்டது, மூச்சு விடும் துளையை அவளே சுத்தம் செய்து துணி கட்டிக்கொள்கிறாள், என்னைக் கிட்டே விடுவதில்லை. எனக்குத்தான் நாலைந்து நாளாகச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நம் வீட்டில் போனில் முணுமுணுத்தால்கூட உன் அம்மாவுக்குக் கேட்கும், குரல்பெட்டியை எடுத்தபோது டாக்டர் அந்தச் சக்தியையும் சேர்த்துக் காதில் வைத்துத் தைத்துவிட்டார் போலிருக்கிறது. அவள் இப்போது மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் ஜெராக்ஸ் கடைக்காரம்மா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் அப்பன் கடிதம் எழுதுகிறான் என்பதே உனக்கு நம்ப முடியாமல் இருக்கும். எனக்கும்தான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவள் என்ன வேண்டும் என்று எழுதிக் காட்டினாள், அதைப் படிக்கத் தெரியாமல் நான் முழித்தேன், தலைவலி மாத்திரை கேட்டால் தலையணையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்து தொடங்கியது பாடம். நான் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக் கொடுப்பேன், அவள் அதில் பெரிதாக ஓர் எழுத்து போடுவாள், நான் சத்தமாகச் சொல்ல வேண்டும், சரி என்றால் மேசையில் ஒரு தட்டு, தப்பு என்றால் என் தலையில். சத்தமே இல்லாத வாத்தியார், கத்திக் கத்திப் படிக்கும் மாணவன். ஒருநாள் பஸ்ஸின் பலகையை நானே படித்துவிட்டு ஏறினேன் பார், அன்றைக்கு எனக்கு இறங்கவே மனசில்லை, கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கவிழ்த்துவிட்டது, மகளே.

அம்மாவின் குரலைக் கம்ப்யூட்டரிலிருந்து உனக்கு அனுப்ப ஒரு நல்ல சாஃப்ட்வேராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னாய் அல்லவா. ஆபரேஷனுக்கு முன்னால் அவள் மைக்கின் முன்னே உட்கார்ந்து தொண்டை வலியோடு மாதக் கணக்கில் பேசிப் பதிந்தது. அதை வைத்துத்தான் உன் ஊர்க்காரர்கள் அவளுடைய குரலிலேயே பேசும் இயந்திரம் செய்து தரப்போகிறார்கள். அதெல்லாம் எனக்குப் புரிந்தது. 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று நீ சொன்னதுதான் புரியவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் போய் யாருக்கு டிரான்ஸ்ஃபர், எந்த ஊருக்கு என்று கேட்டேன், அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. அவர் ஒரு சாஃப்ட்வேர் சொன்னார், ஏதோ ஒரு கம்பெனியின் இடத்தில் நாம் ஏற்றிவைப்போம், நீ அங்கிருந்து இறக்கிக்கொள்வாய், ஆனால் பெரிய சுமையைச் சும்மா ஏற்ற விட மாட்டார்களாம். ஜெராக்ஸ் கடைக்காரம்மா இன்னொன்று சொன்னார், நம் கம்ப்யூட்டரிலிருந்து நேராக உன் கம்ப்யூட்டருக்கே போகும், நடுவில் யார் வீட்டிலும் இறக்கிவைக்க வேண்டாம், பாதியில் இன்டர்நெட் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆனால் அதில் எல்லாம் இங்கிலீஷ். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவர் கடையிலேயே உட்கார்ந்து மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதுவும் நேராகப் போவதுதான். ஆனால் பட்டன் எல்லாம் தமிழில். வேகம் பார்க்கவில்லை, பத்திரம் பார்க்கவில்லை, என்னால் படிக்க முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரம்மா, ஐயா எதுக்கும் நானும் கூட வர்றேன் என்றார். வேண்டாம்மா, எனக்குப் படிக்கத் தெரியும் என்றேன். அதைச் சொல்லும்போது என் நெஞ்சு எப்படி நிமிர்ந்தது என்பதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டில் அம்மா துணி உலர்த்த மாடிக்குப் போன நேரம் பார்த்துத் திறந்தேன், திரும்பி வரும்போது வேலையை முடித்துக்காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை. நீ அங்கே உன் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாய். திரையில் இடது பக்கம் நம் வீடு, வலது பக்கம் உன் வீடு. கீழே இரண்டு பட்டன். ஒன்று 'நகலெடு', இன்னொன்று 'நகர்த்து'. நான் இன்னும் ஒரு சொல்லை முழுசாகப் படிப்பதில்லை மகளே, முதல் இரண்டு எழுத்தைப் படித்துவிட்டு மிச்சத்தை மனசே சொல்லிக்கொள்ளும். இரண்டிலும் 'நக' என்று படித்தேன். என் மனசு வேறு எதைச் சொல்லும்? வயசுக் காலம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கினவன், மாடிப்படி வளைவில் பீரோவுக்கு அடியில் தோள் கொடுத்துக்கொண்டு நகர்த்து, நகர்த்து என்று கத்தியே தொண்டை வளர்த்தவன். 'நகல்' என்று ஒரு சொல் இருப்பதே எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அந்தச் சொல் ஜெராக்ஸ் கடையின் பலகையிலேயே பெரிசாக இருக்கிறது, 'நகல் எடுக்கப்படும்' என்று. மறுநாள்தான் நின்று முழுசாகப் படித்தேன், அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பட்டனும் ஒன்றுதான் என்று நினைத்து 'நகர்த்து'வை அழுத்தியதும் கோடு ஓட ஆரம்பித்தது. நானும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், இடது பக்கத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அனுப்பினாலும் இங்கேயும் இருக்கும் என்று நீ சொல்லியிருந்தாயே. உன் அம்மாவின் குரல் என் கண் முன்னால் அழிகிறது என்றே நினைத்தேன், அவளை மறுபடி மைக்கின் முன்னே உட்காரவைக்கவா முடியும்? எதை அழுத்தி நிறுத்துவது என்று தெரியாமல் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன். வீடு காலி செய்யும்போது வீடு காலியாகத்தான் ஆகும், அதை நான் பார்க்காததா? பேசாமல் விட்டிருந்தால் எல்லாம் உன்னிடம் வந்து சேர்ந்திருக்குமாம். ரிப்பேர்க்காரர் சொன்னார். நீ போன் செய்து ஏன் பாதியில் நின்றது என்று கேட்டபோது கரண்ட் போய்விட்டது என்றேன். கரண்ட் போகவில்லை, எனக்குப் புத்திதான் போயிற்று.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே கரக் கரக் என்று ஒரு சத்தம் மட்டும். தூசி தட்டிக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க்காரரிடம் போனேன். அவர் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க் ரொம்பப் பழசு பெரியவரே, நீங்க பிடுங்கினதுல இன்னும் அடி வாங்கியிருக்கு என்றார். ஒரு தடவை ஓட வைத்துப் பார்க்கலாமாம். எவ்வளவு நேரம் ஓடும் என்று அவருக்கே தெரியாதாம், ஓடும் வரைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியது, நின்றால் நின்றதுதான். அதனால எது முதல்ல வேணும்னு யோசிச்சுட்டு வாங்க என்றார். அம்மா இரண்டு ஃபோல்டர் வைத்திருந்தாள். ஒன்றுக்கு 'வேலைக்கு' என்று பெயர், இயந்திரம் செய்கிறவர்கள் படிக்கச் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் அதில். இன்னொன்றுக்கு 'சும்மா'. அது யாரும் கேட்காமல் அவளாகப் பேசிவைத்தது. சிரித்தது, உனக்குச் சின்ன வயசில் சொன்ன கதை, எதிர்வீட்டுக்காரர் போனில் பேசுவதைப் போல நடித்துக் காட்டியது, அடேய் பீரோ, செருப்பைக் கழட்டிட்டு வா என்று என்னைத் திட்டியது. 'ச' முன்னால் வரும், 'வ' பின்னால் வரும், அதனால் 'சும்மா'தான் முதலில் கிளம்பியிருக்கிறது, அதில் கொஞ்சம் உன்னிடம் வந்திருக்கும், மீதி இந்தப் பெட்டியில். 'வேலைக்கு' மொத்தமும் இந்தப் பெட்டியில். எதை முதலில் எடுக்கச் சொல்வேன்? இயந்திரம் நாளைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவள் குரலில் கேட்கும், சரி. அது என்னைப் பீரோ என்று கூப்பிடுமா? அப்படிச் சிரிக்குமா? என்னால் முடியவில்லை மகளே. நீயே சொல்லிவிடு, உன் வாயால் வந்தால் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன், எழுதியும் விட்டேன்.

இதற்கு மேல் எழுதுவது கொஞ்ச நேரம் கழித்து. உன் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். எப்போது எழுந்தாள், எவ்வளவு நேரம் நின்றாள், எதுவும் தெரியாது, இப்போது அவள் வருவதற்குச் சத்தம் ஏது? என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். முதலில் 'மன்னித்து' என்பதில் நான் போட்டிருந்த மூன்று சுழியைத் திருத்தினாள், மேலே பார், அடித்து எழுதியிருப்பது அவள் கை. அப்புறம் எதிரே உட்கார்ந்தாள். நான் அழுதேன், என்னென்னவோ சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது, கை கழுத்துத் துணியையே பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அட்டையை இழுத்து 'வேலைக்கு' என்று எழுதினாள். 'சும்மா'வில்தானே நீ இருக்கிறாய் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அதன் கீழே எழுதினாள். இந்தத் தடவை முதல் இரண்டு எழுத்தோடு நிற்காமல் கடைசி எழுத்து வரை விரல் வைத்துப் படித்தேன். "அதில் இருப்பது நான் சொல்லி முடித்தது. இனிமேல் சொல்ல வேண்டியது எனக்கு இன்னும் இருக்கிறது."

அதனால் உடனே போய் ரிப்பேர்க்காரரிடம் 'வேலைக்கு' முதலில் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவர் கடையில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். நாளைக் காலை கடை திறந்ததும் ஓட வைக்கப்போகிறார். ஜெராக்ஸ் கடைக்காரம்மா சொன்ன சாஃப்ட்வேர்தான், இங்கிலீஷ் என்றால் இங்கிலீஷ், விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடிக்கும் குணம் இருக்கிறதே, அது போதும். கடைக்காரம்மாவே வந்து உட்கார்ந்து நகல் மட்டும் எடுப்பார், நான் எதையும் தொட மாட்டேன். எடுப்பதை எடுக்க எடுக்கவே உனக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், இங்கே ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. அந்தக் கரக் கரக் சத்தம் காதிலேயே நிற்கிறது. ஒன்றுமே வராமல் போனால் உன் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை, அவளோ எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடு என்று மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக்கு உன் கம்ப்யூட்டரைத் தூங்கவிடாதே. வேலைக்குப் போவதாக இருந்தாலும் மாப்பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல். பெற்றுக்கொள்ளவா என்று கேட்டால் உடனே ஆமாம் என்று அழுத்து. 'சும்மா'வில் உனக்கு வந்து சேர்ந்தது எது, வராதது எது என்று இப்போது எனக்குச் சொல்லாதே, நாளைக்கு வேலை முடியும் வரை அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, அழாதே, அழுதால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டில் எப்போதும் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாளைக்கு என்ன ஆனாலும் சரி, அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(அம்மாவும் கூடவே உட்கார்ந்திருக்கிறாள்)