நான் படிக்காமல் விட்ட வரி

டாலிகஞ்ச், கொல்கத்தா
9-2-2003

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு அப்பாவின் மனப்பூர்வமான ஆசிகள். நானும் அம்மாவும் உடம்பளவில் குறையில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை நரேனும் குழந்தை அபினவும் அந்த டொராண்டோ குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே சரஸ்வதி பூஜை போன வியாழக்கிழமை முடிந்தது, எதிர் ஃபிளாட் தாரா பௌதி பிரசாதமாகக் கிச்சுடி கொடுத்தனுப்பினாள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, மெட்ரோ படிக்கட்டில் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். உன் கடிதம் வந்தது. என் கிராஜுவிட்டியை மூன்றரை வருஷமாக இழுத்தடிக்கிறார்கள் என்று டெல்லிக்குப் புகார் மனு எழுதி, அனுப்பும் முன் எனக்குப் படிக்க நகல் வைத்திருந்தாய். நேர்மையாக உழைத்த என் தந்தை என்று அதில் எழுதியிருந்தாய். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அந்த மனுவை அனுப்பாதே அம்மா. ஃபைல் டெல்லியில் சிக்கியிருக்கிறது என்று நான் உன்னிடம் சொல்லிவந்தது பொய்.

என் பேரில் கிரிமினல் கேஸ் இருக்கிறது. தொண்ணூற்றெட்டில் போட்டார்கள், நீ கல்யாணமாகிப் போன மறு வருஷம். கேஸ் நடக்கும்போதே ரிடையர் ஆகிறவனுக்குத் தற்காலிகப் பென்ஷன்தான் தருவார்கள், கிராஜுவிட்டி தீர்ப்புக்கு அப்புறம். தண்டனை என்று வந்தால் அந்தப் பென்ஷனையும் குறைக்கலாம், அடியோடு நிறுத்தவும் செய்யலாம். நடந்தது இதுதான். தொண்ணூற்றாறில் எங்கள் டிப்போவுக்கு இருநூறு தார்ப்பாய் வந்ததாக ஒரு பில் வந்தது. ஒரு தார்ப்பாய்கூட வரவில்லை, அது எனக்குத் தெரியும். மேலதிகாரி கூப்பிட்டு, கையெழுத்துப் போடும், வாஞ்சிநாதன், உம்ம பெண் கல்யாணம் முடிகிற வரை டிரான்ஸ்பர் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பணம் வாங்கவில்லை, ஆனால் அதைச் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கக் கூடாது. உன் கல்யாணத்தைக் காரணமாகச் சொல்வதும் தப்பு. மாட்டேன் என்றிருந்தால் அதிகபட்சம் கௌஹாத்திக்கு மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இதைவிடக் கேவலமானது அப்புறம் செய்தது. விசாரணை வந்தபோது பயந்துபோய், தார்ப்பாய் வந்தது, எண்ணி ஸ்டோர்கீப்பர் மருதமுத்துவிடம் ஒப்படைத்தேன், அப்புறம் என்ன ஆனதோ எனக்குத் தெரியாது என்று எழுதிக்கொடுத்தேன். மருதமுத்து கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர், எனக்குக் கீழே பதினோரு வருஷம் வேலை பார்த்தவர், உன்னைப் பரீட்சை ஹாலுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர். அவரையும் கேஸில் சேர்த்தார்கள், சஸ்பெண்ட் செய்தார்கள். நான் எழுதினதின் நகல் அவர் கைக்கும் போயிற்று. கோர்ட்டு வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சார் என்பார், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். போன ஆகஸ்டில் மாரடைப்பில் போய்விட்டார். இறந்தவர் மேல் கேஸ் நிற்காது என்று அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

காளி பூஜைக்கு முந்தின வாரம் அவர் மனைவி அருக்காணி ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதத்தோடு நம் வீட்டுக்கு வந்தாள். குடும்பப் பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டது, கிராஜுவிட்டிக்குப் பதிலாக ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்திருக்கிறது, அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. அவருக்கு மேல இருந்தவரு நீங்கதானுங்க, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க என்றாள். படித்தேன். ஸ்ரீ வாஞ்சிநாதனின் எழுத்துபூர்வமான வாக்குமூலத்தின்படி தார்ப்பாய்கள் மருதமுத்துவின் பொறுப்பில் காணாமல் போனதால் நஷ்டத்தை அவர் கிராஜுவிட்டியில் பிடித்துக்கொள்கிறோம் என்று இருந்தது. என் பெயர் வந்த வரியை விட்டுவிட்டு மீதியைத் தமிழில் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, அவரு ஒரு சாக்குகூட வீட்டுக்குக் கொண்டாந்ததில்லீங்களே என்றாள். அது உண்மை என்று தெரிந்தும், பார்க்கலாம், பேப்பரை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

அவள் போனதும் உன் அம்மா அந்தக் கடிதத்தை எடுத்து ஜன்னலோரம் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். என்னிடம் வந்து, உங்க பேர் இருக்கற இடத்தை ஏன் விட்டேள் என்று கேட்டாள். அம்மாவுக்குக் கேஸ் இருப்பது தெரியும், நான் நிரபராதி என்றுதான் ஐந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் தட்டைப் போட்டாள், சாதம் பரிமாறினாள், பேசவில்லை. மூன்றாம் நாள் வக்கீல் ரங்கராஜனிடம் போய் உண்மையை எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். செத்தவர் வந்து மறுக்கப் போறதில்லை சார், சும்மா இருந்தா விடுதலை, முழு பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாம் வரும், இதை எழுதினா நீங்களே தண்டனை கேட்டு வாங்கற மாதிரி என்றார். உன்னிடம் மறைப்பானேன், ஒரு வாரம் சும்மாதான் இருந்தேன். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் கையெழுத்துப் போட்ட நாளைவிட அதிகமாகக் கூசுகிறது.

அப்புறம் ஒரு காலையில் அருக்காணியின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். காலி செய்யச் சொல்லிவிட்டதால் வீட்டில் பாதி சாமான் மூட்டையாக இருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். நீங்க எழுதினது அவருக்குத் தெரியுமுங்களா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே, தீபாவளிக்கு உங்க வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துட்டு வாடீன்னு அவருதான் வருசா வருசம் அனுப்புவாரு என்றாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தி, அதெல்லாம் எனக்கு வேண்டாமுங்க, எழுதிக் குடுங்க, அவரு பேரு சுத்தமாகோணும் என்றாள்.

அன்றைக்கே எழுதினேன். தார்ப்பாய் வரவே இல்லை, வராததை வந்ததாக எழுதியவன் நான், மருதமுத்துவிடம் எதையும் ஒப்படைக்கவில்லை. ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கினேன், கோர்ட்டிலும் கொடுத்துவிட்டேன். ஆபீசில் எனக்குக் கீழே வேலை பார்த்த பையன்தான் அதை வாங்கிக்கொண்டான். படித்துவிட்டு, உட்காருங்கள் சார் என்று வழக்கமாகச் சொல்கிறவன் சொல்லவில்லை. போன மாதக் கடைசியில் அருக்காணிக்கு உத்தரவு வந்துவிட்டது, பிடித்தம் ரத்து, மருதமுத்து மேல் குற்றம் இல்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டாள், நம்மிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அது நியாயம்தான்.

எனக்கு மார்ச் பன்னிரண்டாம் தேதி விசாரணை. அன்று என்ன ஆனாலும் நீ பணம் அனுப்புகிறேன் என்று உடனே ஆரம்பிக்காதே, தீர்ப்பு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். உன் மாமியாருக்கு வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம், நீயே சொல்லிவிடு, மூடி மெழுகாமல் சொல். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடு. என் பொருட்டு நீ யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை, குனிய வேண்டியவன் நான். அபினவுக்குத் தாத்தா எங்கே வேலை பார்த்தார் என்று கேட்கும் வயது வரும்போது என்ன சொல்வதென்று நீ முடிவு செய்துகொள்.

நேற்று அம்மா தானாகவே பீரோவிலிருந்து வெளியே போகக் கட்டும் நீலப் புடவையை எடுத்து இஸ்திரிக்குப் போட்டாள். எதற்கு என்றேன். பன்னெண்டாம் தேதி நானும் கோர்ட்டுக்கு வரேன் என்றாள். உன்னால் அந்தப் படியெல்லாம் ஏற முடியாது என்றேன். மெதுவா ஏறலாம் என்றாள்.

எல்லோரும் தீர்க்காயுசாக, மனதில் பயமில்லாமல் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தால் முதலில் அம்மாவிடம் பேசு. என்னிடம் பேசத் தோன்றாவிட்டால் பரவாயில்லை, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா
வாஞ்சிநாதன்