வரிசையோடு நடக்கும் பெட்டி

ஜூன் 3, கள்ளக்குறிச்சி

எங்கள் கம்பெனிப் பெட்டி கல்வராயன் மலையில் இன்றும் செயலிழந்து விழுந்தது. ரேஷன் கடைக் கைரேகைக் கருவிக்கு நெட் கொடுக்கும் பெட்டி. அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் நெட்வொர்க் பகுதி என் பொறுப்பு. சென்னையிலிருக்கும் டீம் லீட் கவியரசன் சொல்கிறார், "எங்க டேபிள்ல நல்லா ஓடுதே." ஓடாமல்? டேபிள் எங்கேயாவது நடந்து போகுமா?

ஜூன் 5

வெள்ளிமலை பஸ் பிடித்து, அதற்கும் அப்பாலிருக்கும் கடைக்கே போய்ப் பார்த்தேன். உள்ளே சிக்னல் கம்மி. விற்பனையாளர் அம்சவள்ளி, ஆள் ரேகை வைத்ததும், பெட்டியையும் கருவியையும் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ஜீப் திரும்பும் வளைவுக்கு நடக்கிறார். வரிசையும் பின்னாலேயே! பாதி வழியில் பெட்டி ஒரு சிம்மிலிருந்து இன்னொரு சிம்முக்கு மாறுகிறது. பழைய இணைப்பை மென்பொருளின் ஒரு பகுதி அழிக்கிறது. இன்னொரு பகுதி அதையே படித்துக்கொண்டிருக்கிறது. அழிப்பவன் முந்தினால் கிராஷ். ரேஸ் கண்டிஷன். பெட்டி தானே எழுந்ததும் மறுபடி ரேகை, மறுபடி நடை.

ஜூன் 6

கவியரசனின் தீர்வு: அழிக்குமுன் கொஞ்ச நேரம் காத்திரு. எவ்வளவு நேரம் ஐயா? நீங்கள் டீ குடித்து முடிக்கும் வரையா? இந்த லட்சணத்தில் டீம் லீட்.

நான் லாக் போட்டேன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே.

ஜூன் 8

லாக்கைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டாம் என்று என் திருத்தத்துக்கு ஏதோ கமெண்ட் போட்டிருக்கிறார். டீ ஆசாமி! முழுதாகப் படிக்கவில்லை. திருத்தத்தைப் பெட்டிக்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 11

அம்சவள்ளி போன். "மேடம், முன்னெல்லாம் செத்து செத்தாவது எழுந்துக்கினு இருந்துச்சு. இப்ப இன்னா பண்ணீங்க? செத்தா செத்ததுதான். தைலம்மா அரிசி வாங்க அவ்ளோ தூரம் நடந்து வந்து வெறும் பையோட போவுது."

பெட்டியை ஆஃப் செய்து எழுப்பப் பட்டன் கூடக் கிடையாது. கம்பெனி மூளை.

அழிப்பவன் லாக்கைப் பிடித்துக்கொண்டு, படிப்பவன் முடிக்கட்டும் என்று நிற்கிறான். படிப்பவன் முடிக்க அதே லாக் வேண்டும். ரெண்டு பேரும் நின்னுக்கினே கெடக்கறாங்க — கவியரசன் இதைத்தானே சொன்னார்? படிக்கறதுக்கு இன்னா கேடு உனக்கு நௌஷீன்? அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். எரிந்து விழுந்தேன்.

ஜூன் 12

மாற்றி எழுதினேன்: அழிப்பவன் லாக்கை விட்டுவிட்டுக் காத்திருக்கிறான். அப்புறம் அழிக்கிறான். நாலு வரி இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஜூன் 16

மலைக்குப் போய்ப் புதிய திருத்தத்தைப் பெட்டியில் நானே ஏற்றினேன். வளைவு வரை நடந்தும் விழவில்லை. தைலம்மாள் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போனார்.

திருத்தத்தின் அடியில் பிழையைச் சொன்னவர், சரிபார்த்தவர் பெயர் போடுவது எங்கள் வழக்கம். அம்சவள்ளி என்று போட்டேன். அதற்குக் கீழே கவியரசன்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன்.