டீசல் மூடியில் சந்தனம்

யஸ்வந்த் நைனாவுக்கு, காவ்யா எழுதுவது.

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். யஸ்வந்த் இப்போதுதான் தொட்டிலில் தூங்கினான். போன் செய்தால் கூடத்தில் படுத்திருக்கும் மாமா காதில் விழும். அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். குவைத்தில் நீங்கள் இன்னும் தூங்கியிருக்க மாட்டீர்கள். கடைசி வரை படியுங்கள். நடுவில் “டீசல் இருக்கா பாரு” என்று மட்டும் மெசேஜ் போடாதீர்கள். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து இதே கேள்விதான். டீசல் இருக்கிறது.

டிராக்டர் காலையில் கிளம்புகிறது. கழனியில் ஒரு சுற்று வந்ததும் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. அப்புறம் என்ன செய்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. நகரியிலிருந்து பச்சையப்பன் மெக்கானிக் வந்து ஃபில்டர் மாற்றினார், டீசல் பைப்பில் காற்று எடுத்தார், டேங்க் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். நன்றாகவே ஓடியது. மூடியைப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அவர் பஸ் ஏறுவதற்குள் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால், “அதுக்கும் உன் மாமனாருக்கும் ஒரே வயசும்மா, காயலாங்கடையில போட்டுடுங்க” என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் கழனியைச் சேறாக்கிச் சேடை ஓட்டி நடாவிட்டால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். மழை வந்துவிட்டதால் வாடகை வண்டி ஒன்றும் சிக்கவில்லை. மாமா, அதான் உங்கள் நைனா, என்ன செய்தார் தெரியுமா? பக்கத்துக் கழனி ஆட்களோடு சேர்ந்து வண்டியைச் சரிவில் தள்ளினார். ஸ்டென்ட் வைத்த நெஞ்சு! “இன்னும் நாலு தள்ளு தள்ளினா எழுந்துக்கும்மா” என்று மார்பைத் தேய்த்துக்கொண்டே சொல்கிறார். பக்கெட் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று திருப்பதி டாக்டர் சொன்னது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதா?

இன்று சாயங்காலம் மறுபடி நின்றதும், உங்களுக்குப் பதில் சொல்வதற்காகவே நான் போய் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. டீசல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போவதற்கு மூடியில் ஓர் ஓட்டை உண்டு. அதன்மேல் சந்தனம் சிமெண்ட் மாதிரி காய்ந்து அடைத்திருந்தது. ஆயுத பூஜையன்று வீடியோ காலில் உட்கார்ந்துகொண்டு, “மூடி மேல இன்னும் தடியாப் பூசு, நைனா பாத்தா சந்தோஷப்படுவாரு” என்றது யார்? பூசியது நான்தான். சொன்னது நீங்கள்.

ஊக்கால் குத்திச் சுத்தம் செய்தேன். அதற்கு மாமாவிடம் திட்டு வேறு. “பூஜையில வச்ச பொட்டு தானா உதிரணும், சுரண்டுவாங்களா?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வண்டி இருட்டும்வரை நிற்காமல் ஓடியதும் கோபம் போய்விட்டது. அங்கேதான் வினையே. “காலையில நானே சேடை ஓட்டிடறேன்” என்கிறார். நான் ஓட்டுகிறேன் என்றேன். “நீ புள்ளையப் பாத்துக்கினு இரு. பி.எஸ்சி. படிச்சா டிராக்டர் ஓட்ட வந்துடுமா?” என்றார்.

பொங்கலுக்கு வந்தபோது ஏரிக்கரைக் கழனியில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்களே, சேற்றிலும் ஓட்ட வைத்தீர்களே. “நைனாவுக்குத் தெரிய வேணாம்” என்றதும் நீங்கள்தான். இப்போது தெரிய வேண்டும். அந்த ஸீட் குலுங்குகிற குலுங்கலில் அவருக்கு ஏதாவது ஆனால், இடுப்பில் பிள்ளையோடு நான் யாரைக் கூப்பிட்டு ஓடுவேன்? நீங்கள் அங்கிருந்து வந்து சேர்வதற்குள்... வேண்டாம், அதை எழுதவில்லை.

வண்டிச் சாவியை யஸ்வந்த் தொட்டிலில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். விடிந்ததும் மாமா தேடுவார். என் பேச்சைக் கேட்க மாட்டார். உங்கள் பேச்சைத் தட்ட மாட்டார். எனக்கு ஓட்டத் தெரியும் என்று அவருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

காவ்யா