அப்பெண்டிக்ஸ் என்று எழுதச் சொன்னவனுக்கு

இன்று காலை காய்ச்சலுக்காகக் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். ஒரு படிவத்தை நீட்டினார்கள். முன்பு ஏதாவது ஆபரேஷன் செய்ததுண்டா என்று கேட்டிருந்தது. பேனாவைத் திறந்ததும் உன் முகம்தான் வந்து நின்றது. செத்தும் என்னை விடமாட்டாயா?

நாம் இருவரும் விமானி வேலை தேடிய நாட்களில் நான் நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தேன். விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று மெடிக்கல் போர்டு இரண்டு முறை திருப்பி அனுப்பியது. வேறு வழி தெரியாமல் அமெரிக்காவில் அக்கா வீட்டில் தங்கி, வயிற்றைச் சுருக்கித் தைத்துக்கொண்டு வந்தேன். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை தையல். தாம்பரம் ஸ்டேஷன் எதிரே மெஸ்ஸில் நான் அரை இட்லியோடு முக்கால் மணி நேரம் போராடுவேன். நீ நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, “இன்னா மச்சான், குருவியாட்டம் கொத்திக்கினு கீற?” என்பாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

தனியார் விமானங்கள் வந்த புதிது. நாம் இருவரும் மனுப் போட்ட கம்பெனியில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அதற்கு மெடிக்கல் சான்றிதழ் வேண்டும். உன் ஊரப்பாக்கம் வீட்டில் உட்கார்ந்துதான் அந்தப் படிவத்தை நிரப்பினோம். “வயித்த சுருக்குனேன்னு எழுதுன, ஆயுசுக்கும் அன்ஃபிட்தான். அப்பெண்டிக்ஸ்னு போடு மச்சான். தழும்பு தழும்புதானே, எவன் பார்க்கப்போறான்?” என்றாய். எழுதினேன். என்னைப் போல மடையன் உண்டா?

போர்டு டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். “அப்பெண்டிக்ஸ் எப்பய்யா நெஞ்சுக்குக் கீழ ஏறிச்சு?” என்றார். பிறகு அவர் முகம் மாறிவிட்டது. “உண்மையை எழுதியிருந்தா ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துக் கொடுத்திருப்போம். பொய் எழுதினவன் கையில எப்படிப்பா பிளேனைக் கொடுக்கிறது?”

உரிமம் போயிற்று. அந்த இடத்தில் நீ போய் உட்கார்ந்தாய். எனக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. அப்போதும் உன்னைச் சந்தேகப்படவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டான் பாவம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் உனக்காக வாதாடினேன்.

போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாய். அடக்கம் முடிந்து வந்ததும் உன் மனைவி என் எதிரே உட்கார்ந்து அழுதாள். “அண்ணா, நீங்க ஃபாரம் போடுறதுக்கு முன்னாடியே இவர் அந்த போர்டு டாக்டரைப் பார்த்து, இந்த மாதிரி ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு சர்டிஃபிகேட் கெடைக்குமான்னு கேட்டுட்டு வந்தார். ஆறு மாசம் பொறுத்தா கெடச்சிடும்னு சொன்னாராம். உங்களுக்குத்தான் பொறுமையில்லைன்னு கடைசி வரைக்கும் வருத்தப்பட்டார்.”

வருத்தப்பட்டாயாமே! பாவி, உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே உன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அவளிடம் நான் வாய் திறக்கவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. பக்கத்தில் உன் மகள் நின்றிருந்தாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என் வீட்டுக்கு வருகிறாள். போன வாரம், “அப்பா உங்களுக்கு நல்ல ஃபிரெண்டா இருந்தாரா அங்கிள்?” என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன்.

போர்டுக்கு எழுதிய பொய்யை ஒரு தடவை எழுதியதோடு சரி. இதை அவள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லியாக வேண்டும்.