வாய்க்கால் காயும்வரை

அன்புள்ள அம்மாவுக்கு,

மண்டியிட்டு வணங்குகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

போன வாரம் பெய்த மழையில், உருக்காலையில் இரும்புக் குழம்பு ஓடும் வாய்க்கால் ஈரமாகக் கிடந்தது. இரும்பு வாங்கும் கப்பல் கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்திருந்ததால் மேஸ்திரி ஹ்வாங், "உலையைத் தொறடா!" என்றார். உலைவாயைக் குத்தித் திறக்கும் கடப்பாரையை நான் கீழே போட்டேன்.

"ஈரத்துல ஊத்தினா வெடிக்கும். எங்கம்மா எண்ணெய்ச் சட்டியில ஈரக் கரண்டியே விட மாட்டாங்க."

"உங்கம்மாவா இங்க மேஸ்திரி?"

"அவங்க இருந்தா ஒருத்தனும் சாக மாட்டான்."

வாய்க்காலைக் காயவைத்த பிறகே திறந்தேன். தண்டனையாகப் பெருக்கும் வேலை. கடப்பாரையைவிடத் துடைப்பம் லேசு. கொஞ்சம் கிம்ச்சி ஊறுகாய் அனுப்புங்கள். மேஸ்திரிக்குப் பயந்து, சாப்பிடும்போது யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை, பங்கு கேட்க ஆளில்லை.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். காகிதமும் கொடுத்தார்கள். அதில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது.

மகன் தோக்சு