கையா, கிட்டாரா

பருத்திப்பட்டு, ஆவடி
மாசி, ஞாயிறு காலை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, ஏரிக்கரையில் நடந்து, நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த நார்வே குளிரில் சளி பிடிக்காமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். எதிர்வீட்டு மோகனப்பிரியா அங்கே வருகிறாள், பருப்புப்பொடியும் வடகமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால் இதை எழுதித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

புரட்டாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்ததும் மருந்தில் தேறியதும் உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், பொங்கல் கழித்து ஒருநாள் ஆசையாய் அந்தப் பழைய பேஸ் கிட்டாரை எடுத்து சத்தம் கூட்டும் ஆம்ப் பெட்டியில் மாட்டி வாசித்தார், குமிழை எவ்வளவு திருகியும் கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதுபோல்தான் சத்தம் வந்தது. மறுபடி மறுபடி மீட்டிப் பார்த்துவிட்டு வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், "கை செத்துப்போச்சி, இனிமே இன்னாத்துக்கு வாசிச்சிகினு" என்று உறையில் போட்டு மூடிவிட்டார். மறுநாள் கைப்பயிற்சி கொடுக்க வந்த ரேஷ்மாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவருடைய கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் கோபியைக் கூப்பிட்டு, பங்குனித் திருவிழாக் கச்சேரிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சோறுகூட இடதுகையில் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தார், அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் கிட்டாரை எடுத்த அன்று காலையில் அதே கையால்தானே தேங்காய் உடைத்தார் என்று எனக்குள் ஒரு சந்தேகம். சென்னீர்குப்பத்திலிருந்து கோபி வந்தபோது, நீ வாசித்துப் பாரப்பா என்று எடுத்துக் கொடுத்தேன், அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. கோபி மீட்டினான், அதே முனகல்! "அண்ணாத்தே, இன்னா அண்ணாத்தே, எனக்கும் இப்டிதான் கீது" என்றான். அப்பா அப்போதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒயரை மாற்றினார்கள், மாற்றமில்லை. கோபி தன் வண்டியிலிருந்த, குழுவின் இன்னொரு கிட்டாரை நம் ஆம்பில் மாட்டினான், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அப்படியானால் ஆம்ப் நல்லது, கோளாறு நம் கிட்டாரில்தான். பக்கவாட்டில் குனிந்து பார்த்த அப்பாதான் கண்டுபிடித்தார், கம்பிகளுக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கும் அந்தக் கறுப்புக் கட்டை, பிக்கப், மரத்துக்குள் அமுங்கிக் கிடந்தது. கம்பியைத் தளர்த்திக் கழற்றினால் அடியில் வைத்த ஸ்பாஞ்ச் வயசாகி மாவாய் உதிர்ந்திருக்கிறது, ஸ்குரூவைத் திருகினாலும் கட்டை மேலே வரவில்லை. மிக்ஸி பெட்டியில் வந்த கெட்டி ஸ்பாஞ்சை வெட்டி அடியில் கொடுத்துக் கட்டையைக் கம்பிக்குக் கிட்டே தூக்கினார்கள்.

அப்பா வாசித்தார். சத்தம் தரையோடு வந்து என் காலில் ஏறியது. ஆனால் முழுக்க சரியில்லை கண்ணு, நடுவிரல் பிந்துகிறது, வேகமான இடத்தில் தடுமாறி நின்றுவிட்டார். நான் பயந்துபோய் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறார், "தப்பு வுட்டா தப்பு கேக்குது பாரு தாட்சா, இது போதும் எனக்கு" என்றார். பங்குனிக்கு வேறு ஆளே வாசிக்கட்டும், ஆடிக்கு நான் வருகிறேன் என்று கோபியிடம் சொன்னார். ரேஷ்மாவுக்கு அவரே போன் போட்டு வரச் சொன்னார். விரல் முழுதாய்த் திரும்புமா என்று அந்தப் பெண்ணாலும் உறுதி சொல்ல முடியவில்லை, ஆனால் தினமும் பயிற்சி நடக்கிறது.

காது மூடித் தொப்பி போடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையையும் போடச் சொல். இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாய் வாழ அம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கையைப் பற்றிக் கேட்காதே, ஒரு பாட்டு வாசிக்கச் சொல். தப்பு வந்தால் வந்தது என்று சொல்லிவிடு, பாவம் பார்த்து நன்றாயிருந்தது என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தி. தாட்சாயிணி